மாதர் சங்கத்துக் காசேடு

எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் ஆண்டு நிறைவுக்கு மலர் போடப் போகிறோம், வரலாறு எழுதித் தா என்று பெரியம்மா கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பிரதேச செயலாளர், கோயில் தலைவர், இரண்டு அதிபர்கள், கிராம உத்தியோகத்தர் என்று ஆசிச் செய்திகளே மலரில் பாதியைப் பிடித்துக்கொண்டன. மீதியில் பெரும்பங்கு நகைக்கடை, சீமெந்துக் கடை விளம்பரங்களுக்குப் போனது. வரலாற்றுக்குக் கிடைத்தது இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தில் சங்கம் பிறக்கிறது, வளர்கிறது, இன்றும் தொண்டாற்றுகிறது. நடுவில் ஒன்றும் நடப்பதில்லை.

நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன், கடன் கதை வருகிறது என்பதால். மட்டக்களப்பு–கல்முனை வீதியில் களுவாஞ்சிகுடி தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று வரிசையாக ஊர்கள் வரும். அவற்றில் ஒன்று. என் பெத்தாதான் (பாட்டி) சங்கத்தின் முதல் பொருளாளர். நான் கணக்குக் கிளையில் வேலை செய்கிறவள். முன்பு இலிகிதர் என்பார்கள், இப்போது முகாமைத்துவ உதவியாளர் என்கிறார்கள், வேலை அதேதான். அதனால் மலருக்குப் படம் தேடுவதற்கு முன், வரவு செலவு எழுதும் காசேட்டைத்தான் கேட்டு வாங்கினேன். ஐந்து காசேடு, கூட்டத்தில் நடந்ததைப் பதியும் கூட்டறிக்கைப் புத்தகம் நாலு, பாத்திர வாடகைக் கொப்பி ஒன்று, பிஸ்கட் பேணி நிறையப் பற்றுச்சீட்டு. இந்தக் கட்டுரைக்கு ஆதாரம் அவ்வளவுதான். அதோடு பெத்தா உயிரோடிருந்தபோது சொன்னவை.

ஒழுங்கையும் குடியும்

இந்தச் சங்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு விடயம் முதலில் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். குடி என்னும் வம்சப் பிரிவு தாய் வழியில் வரும். இந்த வழக்கம், முக்குவர் என்ற சமூகத்தின் பெயரால், முக்குவர் சட்டம் என்று நீதிமன்றத்தில் வழங்கி வந்தது. அது 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு செல்லாமல் போய்விட்டது. சட்டம் போனாலும் வழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை.

இதன் விளைவு, சிறு தெருவான ஒழுங்கையில் தெரியும். ஒரு ஒழுங்கையில் ஆறு வீடு என்றால், ஆறும் அக்கா தங்கச்சிமாரும் அவர்களுடைய மகள்மாரும். ஆண்கள்தான் வேறு ஊர்க்காரர். காலையில் முற்றம் கூட்டும்போதே பாதிக் கூட்டம் கூடிவிடும். சங்கம் என்று ஒன்று பதியப்படுவதற்கு முன்பே ஒழுங்கைக்கு ஒரு சங்கம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பதிந்த வடிவம் வெளியிலிருந்து வந்தது. இலங்கையில் கிராமத்து மாதர் சங்கங்களுக்கு வழி காட்டியவர் கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரைக் கலியாணம் முடித்து இங்கே வாழ்ந்த மருத்துவர் மேரி ரட்ணம். 1930இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமித்திக்கு முன்மாதிரி, கனடா ஒன்டாரியோவில் 1897இல் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் தொடங்கிய மாதர் நிறுவகங்கள். சமையல், சுகாதாரம், தையல், பிள்ளை வளர்ப்பு என்று கூடுவார்கள், கூடிய பிறகு மற்றதையும் பேசுவார்கள். 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசு கிராம அபிவிருத்திச் சங்கங்களை ஏற்படுத்தி, பெண்களுக்குத் தனியாக மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று வைத்தது. யாப்பு (சங்க விதிகள்), தலைவி, செயலாளர், பொருளாளர், வருடத்துக்கொரு பொதுக்கூட்டம், றப்பர் முத்திரை எல்லாம் அங்கிருந்து வந்தவை.

எங்கள் ஊரில் அந்த முத்திரைக்குத் தேவை வந்தது சூறாவளியால்.

சூறாவளிக்குப் பிறகு

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் கிழக்கில் 900க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னைகள் வரிசையாகப் படுத்தன. வயது போனவர்கள் இன்றும் வயதைச் சூறாவளியை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள், "சூறாவளிக்கு அவன் கைப்பிள்ளை" என்று. எங்கள் ஒழுங்கையில் கூரை மிஞ்சியது ஒரு வீட்டில். அந்த வீட்டு அடுப்பில் பதினைந்து வீட்டுக்குச் சோறு வெந்தது. விழுந்த தென்னையின் குருத்தையும் தேங்காயையும் வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குச் சமைப்பது? நிவாரணம் எடுக்கப் போனால் பதியப்பட்ட சங்கமா என்று கேட்டார்களாம். "சங்கமெண்டால் என்னகா, நாங்கதான் சங்கம்" என்று பெத்தா திரும்பி வந்துவிட்டா. அடுத்த கிழமை விதானையாரை (கிராம சேவகரை) பிடித்துப் பதிந்தார்கள். முதல் காசேட்டின் முதல் வரவு அங்கத்துவப் பணம். முதல் செலவு முத்திரை செய்த கூலி.

அடுத்து வருகிற வருடங்களின் பக்கங்கள் வாசிக்க அலுப்பானவை. அலுப்பு என்றால் சங்கம் நன்றாக நடந்தது என்று அர்த்தம். பிடியரிசி: ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துப் பானையில் போட்டு, கிழமைக்கு ஒருமுறை சங்கத்துக்குக் கொடுப்பது. சங்கம் அதைச் சேர்த்து விற்கும், அல்லது பிள்ளைப்பெறு வீட்டுக்கும் சாவீட்டுக்கும் அனுப்பும். சீட்டு: மாதம் ஒருத்திக்கு. தையல் வகுப்பு: இரண்டு மெஷின். துணி மருதமுனை என்ற முஸ்லிம் ஊரிலிருந்து வந்தது. கைத்தறிச் சாரமும் சேலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் நானாவிடம் வெட்டுத் துணியும் வாங்குவார்கள். "மருதமுனைத் துணி" என்ற வரி மாதம் தவறாமல் வருகிறது. பெரிய கிடாரம், சோத்துக் கரண்டி, கதிரை வாங்கி வாடகைக்கு விட்டது இன்னொரு வருமானம். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்குக் கோயில்கூடச் சங்கத்துக் கிடாரத்தைத்தான் எடுத்தது. கோயில் வாடகை தரவில்லை. அதையும் பெத்தா எழுதி வைத்திருக்கிறா, வரவுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, "அம்மன்" என்று.

மருதமுனைத் துணி என்ற வரி, யுத்தம் திரும்பத் தொடங்கிய 1990 ஜூனில் நிற்கிறது. கூட்டறிக்கையும் நிற்கிறது. புத்தகத்தில் நாலு வெற்றுப் பக்கம் விட்டு, பிறகு வேறு கையெழுத்தில் தொடங்குகிறது. அந்த நாலு பக்கத்தில் எழுத வேண்டியிருந்தவற்றைக் கிழக்கில் எல்லோரும் அறிவார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் செப்டெம்பரில் இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே மாதம் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் இருந்த பாதைகள் அறுந்தன. சைக்கிளில் வந்த நானாவை மறுகா நாங்கள் காணவில்லை.

பெண்கள் கூடி அரசியல் பேசிய இயக்கம் வேறொன்று அப்போது கிழக்கில் இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை அன்னையர் முன்னணி. அதைச் சேர்ந்த பூபதி அம்மா 1988 மார்ச் 19இல் மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் தொடங்கி ஏப்ரல் 19இல் உயிர் விட்டார். எங்கள் சங்கம் அந்த வழியில் போகவில்லை. பிள்ளையைத் தேடி இராணுவ முகாம் முகாமாக நடந்த தாய்மாருக்குத் துணையாக ஆள் அனுப்பியது, பஸ் காசு கொடுத்தது. காசேட்டில் "பிரயாணம்" என்று மட்டும் இருக்கும். யாருக்கு, எந்த முகாமுக்கு என்று எழுதவில்லை. கணக்குப் பார்க்கிற பழக்கத்தில் எனக்கு அது பிழையாகப் பட்டது. பெரியம்மாவிடம் சொன்னேன். "எழுதியிருந்தா அந்தக் கொப்பியே அவங்களுக்குப் போதும் புள்ள" என்றார்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் மருதமுனைத் துணி திரும்பவும் வருகிறது. கொண்டுவந்தது அந்த நானாவின் மகன்.

பென்சில் கூட்டுத்தொகை

2004 டிசம்பர் 26 காலை, சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல் இறந்தார்கள், நாட்டிலேயே அதிகம் அங்கேதான். மட்டக்களப்பில் 2,500க்கு மேல். எங்கள் ஊரில் கடல் பக்கத்து ஒழுங்கைகள் போய்விட்டன. சங்கத்து அலுமாரி இருந்தது நடு ஒழுங்கையில். தண்ணீர் அதைத் தூக்கிப் போய் வேலியில் சாத்தியிருந்தது.

புத்தகங்களைத் தகரத்தில் விரித்து, கல் பாரம் வைத்து வெயிலில் காய வைத்தார்கள். பெத்தா கடைசி வரை மைப்பேனையால்தான் எழுதுவா. குமிழ்ப்பேனை கணக்குக்கு மரியாதை இல்லையாம். சேமிப்புக் கணக்கில் அந்த மை முழுக்கக் கரைந்து பக்கம் நீலமாகிவிட்டது. ஆனால் பக்கக் கூட்டுத்தொகையை முதலில் பென்சிலால் மெல்லமாகப் போட்டுப் பார்த்து, சரி வந்த பிறகுதான் மையால் எழுதுவது அவவின் வழக்கம். பென்சில் கரையவில்லை. ஆக, யார் எவ்வளவு சேமித்தார்கள் என்பது அழிந்தது, எல்லோருமாக எவ்வளவு என்பது மிஞ்சியது.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெத்தா கதிரையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டா. நான் பக்கத்தில் இருந்து எழுதினேன்.

"உண்ட எவ்வளவு கா?"

அவள் சொல்வாள். பெத்தா கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தலையாட்டுவா. சாட்சி இல்லை, சத்தியம் இல்லை. கூட்டிப் பார்த்தபோது பென்சில் தொகையைவிடக் குறைந்தது. ஒருத்திகூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைந்தது சொல்ல ஆளில்லாத கணக்கு, அலையில் போன அங்கத்தவர்களுடையது. அந்தத் தொகையை என்ன செய்வது என்று ஒரு பின்னேரம் முழுக்கப் பேசினார்கள். மகள் மிஞ்சியிருந்தால் மகளுக்கு, இல்லாவிட்டால் அக்கா தங்கச்சிக்கு, அவர்களும் இல்லாவிட்டால் அந்தக் குடிக்குள் இருக்கிற பிள்ளைக்கு. புருசனுக்குக் கொடுப்போமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "புருசன் மறுகா கட்டுவான்" என்பதுதான் கூட்டறிக்கையில் உள்ள பதில். அப்படியே எழுதியிருக்கிறது.

என் தொழிலில் எத்தனையோ கணக்குப் பரிசோதனை பார்த்துவிட்டேன். இதைவிடச் சுத்தமான ஒன்றைப் பார்க்கவில்லை.

ஆனால் அதே வேளையில் பெரிய கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டது. குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய், ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் பெறுமதியான உலர் உணவும் காசும் என்று நிவாரணம் வந்தபோது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். எழும்ப வேண்டி வந்தவர்களுக்குப் புதிய இடத்தில் காணி கிடைத்தபோதும் அதே கட்டம்தான். தாய் கொடுத்த வளவில், தன் பெயர் உறுதியில் இருந்தவள், புருசன் பெயர் அனுமதிப் பத்திரத்தில் இருக்கிற வீட்டுக்குக் குடிபோனாள். நூற்றாண்டுச் சட்டத்தால் முடியாததை ஒரு படிவம் செய்துவிட்டது.

சங்கம் இதை உடனே பிடித்துக்கொண்டது என்று மலரில் எழுதியிருக்கிறேன். உண்மை அப்படியில்லை, ஒரு வருடத்துக்கு மேல் தாமதித்தார்கள். வீடு கிடைத்தால் போதும் என்ற நிலை. புருசன் ஒருவன் முதன்முதலாகப் புது வீட்டை விற்கப் பார்த்தபோதுதான் விளங்கியது. கூட்டுப் பெயரில் பத்திரம் தரச் சொல்லி மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் அப்போது குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. சங்கமும் மனு எழுதியது. மனுவோடு கொண்டுபோன ஆதாரம் பாத்திர வாடகைக் கொப்பி. அதில் கிடாரம் போன வீடுகளெல்லாம் பெண் பெயரில் எழுதப்பட்டிருந்தன, வருடக்கணக்காக. இது ஆதாரமாகாது என்று ஒரு மேசையில் திருப்பிக் கொடுத்தார்கள். சிலருக்குப் பெயர் சேர்ந்தது, பலருக்கு இல்லை. அரச காணிகளுக்கான காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண் வாரிசுக்கு இருந்த முன்னுரிமை 2022இல்தான் நீக்கப்பட்டது.

மண்டப வாடகை

இதுவரை சொன்னது சங்கத்துக்குப் பெருமை. இனி வருவது சங்கம் தானாகப் போய் விழுந்த குழி.

சுனாமிக்குப் பின் ஊருக்குள் நிறுவனப் பலகைகள் முளைத்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பெண்கள் குழு அமைத்தது. அதே பெண்கள் நாலு குழுவில் இருந்தார்கள். வாளி, கதிரை, கோழிக்குஞ்சு எல்லாம் அங்கேதான் கிடைத்தன. எங்கள் கூட்டறிக்கையில் "கோரம் போதாமையால் ஒத்திவைக்கப்பட்டது" என்று அடுத்தடுத்து வருகிறது. பெத்தா அப்போது ஒதுங்கிவிட்டா. பொருளாளர் பெரியம்மா.

யுத்தம் 2009இல் முடிந்தது. போரில் கணவரை இழந்த பெண்கள் கிழக்கில் மட்டும் 49,000 என்று 2010இல் அரசின் தரப்பில் சொல்லப்பட்டது. பாதை திறந்ததும் கடன் நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்தன. உறுதி வேண்டாம், நகை வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாக வந்தால் போதும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஊரில் "கிழமைக் கடன்" என்பார்கள். கிழமைக்கு ஒருநாள் "சென்டர்" கூடும். காசு முழுதாகச் சேரும் வரை யாரும் எழும்ப முடியாது. பிள்ளை பள்ளியால் வந்து கடப்பில் நிற்கும், தாய் உள்ளே இருப்பாள்.

சென்டர் கூடியது எங்கள் சங்க மண்டபத்தில்.

காசேட்டில் இரண்டு நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "மண்டப வாடகை" என்ற வரவு மாதத்துக்கு மாதம் ஏறுகிறது, ஒரு நிறுவனம் இரண்டாகி நாலாகிறது. "அங்கத்தவர் சேமிப்பு" இறங்குகிறது. இரண்டு வருடத்துக்குள் சீட்டு நின்றுவிட்டது. மாதக் காசைச் சங்கத்தில் போடுவதற்குப் பதிலாக அதே மண்டபத்தில், அதே பாயில் இருந்து வேறொருவரிடம் கட்டினார்கள். சங்கத்தின் மீதி மட்டும் முன்னெப்போதையும்விடக் கூட. வருடாந்தக் கூட்டத்தில் அதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள், கூட்டறிக்கையில் இருக்கிறது.

இந்தக் கடனுக்கு எங்கள் ஒழுங்கையைவிட நல்ல நிலம் கிடைக்காது. அக்காவுக்குத் தங்கச்சி, மகளுக்குத் தாய், மச்சாளுக்கு மச்சாள் என்று பிணை நிற்க ஆள் வாசலிலேயே இருக்கிறார்கள். அலைக்குப் பிறகு சாட்சியில்லாமல் கணக்குச் சொல்ல வைத்த அதே வெட்கம்தான், இப்போது ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்க வைத்தது. முறித்துக்கொண்டு போக வேறு ஊரும் இல்லை, வீடு அவளுடையது, ஒழுங்கை அவளுடையது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு சகோதரிகள் கதை பேச்சை விட்டார்கள். ஒருத்தி சவூதிக்குப் போனாள். அவள் பெயரில் வந்த தவணையைத் தாய் கட்டினா, தோட்டை விற்று.

இப்படிச் சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் நுண்நிதிச் சட்டம் 2016இல் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அவற்றில் இருந்தன. நிபந்தனை, அந்த வருட ஜூன் முடிவில் மூன்று மாதத்துக்கு மேல் தவணை நிலுவையில் இருக்க வேண்டும். கட்ட முடியாது என்று கையை விரித்தவளுக்குத் தள்ளுபடி கிடைத்தது. நகையை அடகு வைத்து, அயலில் கைமாற்று வாங்கி, தவறாமல் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இரண்டாவது வகைதான் அதிகம்.

மண்டபத்தைச் சென்டருக்குக் கொடுப்பதில்லை என்ற தீர்மானம் அதன் பிறகு வந்த பொதுக்கூட்டத்தில் நிறைவேறியது. முன்மொழிந்தது பதவியில் இல்லாத, மீன் விற்கிற ஒரு பெண். வாடகை போனால் மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்று பெரியம்மா கேட்டார். "லைட்டை நூருங்க, பகல்ல கூடுவம்" என்றாள். அன்றிலிருந்து கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு. சேமிப்பிலிருந்து அங்கத்தவருக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் சிறுகடன் கொடுக்கிறார்கள். 2021இல் அரசு இரசாயன உரத்தை நிறுத்தி, அடுத்த வருடம் அரிசியும் எரிவாயுவும் எட்டாத விலைக்குப் போனபோது பிடியரிசிப் பானை திரும்ப வந்தது. பேணிக்குள் கிடக்கும் பற்றுச்சீட்டுகளில் ஆகப் பழையவையும் ஆகப் புதியவையும் இப்போது ஒரே விடயத்துக்குத்தான்.

காலண்டரின் பின்பக்கம்

மலருக்காக "முன்னாள் தலைவிகள்" பட்டியல் தயாரிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கூட்டறிக்கைகளிலிருந்து தலைவி, செயலாளர், பொருளாளர் பெயர்களை எடுத்துக் காலண்டரின் பின்பக்கத்தில் தாய் வழியாகக் கோடு இழுத்துப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்து இன்று வரை எல்லாக் கோடும் கோயிலுக்குக் கிழக்கே உள்ள மூன்று ஒழுங்கைக்குள் முடிகிறது. வாவிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்களிலிருந்து அங்கத்தவர் உண்டு, பதவி ஒருவருக்கும் இல்லை. மண்டபத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் அந்தப் பக்கத்தவள். சுனாமிக்குப் பின் சேமிப்புப் பங்கிட்டபோது "அந்தக் குடிக்குள் இருக்கிற பிள்ளைக்கு" என்று எழுதினார்களே, எந்தக் குடி என்று கேட்க வேண்டிய தேவையே அந்த அறையில் வரவில்லை. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றுதான்.

கிழமைக் கடனை ஏன் இவ்வளவு காலம் காணாமல் இருந்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிகிற விடை இதுதான். வாடகை வாங்கிய ஒழுங்கை ஒன்று, கடன் கட்டிய ஒழுங்கைகள் பெரும்பாலும் வேறு. கிழக்குப் பக்கத்தில் பிணை நின்று நொந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் சின்னம்மாவுக்கு எதிராகக் கூட்டத்தில் கையுயர்த்த மாட்டார்கள். வெளியில் நின்றவளுக்குத்தான் கை உயர்ந்தது.

ஒரு தாய் வழியில் வந்த இருவர் ஒரே வருடத்தில் நிருவாகப் பதவி வகிக்கக்கூடாது என்று யாப்பில் ஒரு வரி சேர்க்கலாம் என எழுதி, காலண்டரையும் சேர்த்துக் கொடுத்தேன். மலர்க்குழு அதை மலரில் போடவில்லை, அது நியாயம். பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள், கடைசிக்கு முதல் விடயமாக, "வேறு விடயங்கள்" என்பதற்கு மேலே. பெரியம்மா எதிர்க்கிறார். "அப்ப நீயும் வரேலாது, தெரியுமா?" என்றார். தெரியும். அடுத்த வருடப் பொருளாளர் பதவிக்கு என் பெயரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார்.